கச்சான் வீசும் மாதங்கள்

ஆனி பிறந்தால் கோயம்புத்தூருக்கு மேற்கே இருந்து காற்று வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைந்து, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அலுவலகத்தில் தாள் பறக்கிறது என்று என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். எழுந்து போய்ச் சாத்துவேன். கொக்கியை மாட்டுவதற்குள் மனசு ஒரு கணக்குப் போட்டு முடித்திருக்கும்: இங்கே இவ்வளவு மேல்காற்று என்றால், கோவளத்தில் இன்று காலை பத்து மணி வரைக்கும் கடல் வழவழவென்று கிடந்திருக்கும், அலை அவசரப்படாமல் நிமிர்ந்து நின்று உடைந்திருக்கும்.

பம்ப்செட் உதிரி பாகம் விற்கிற கம்பெனியில் ஸ்டாக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கால் ஒரு பயனும் கிடையாது. ஆனாலும் வருடா வருடம் அது தானாக வந்து போகிறது.

கோவளம் என்றதும் பலர் கேரளத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் சொல்வது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முட்டுக்காட்டுப் பாலம் தாண்டினால் வந்துவிடும். கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா, மீனவர் குப்பம், பழைய கோட்டை இருந்த இடத்தில் ஒரு நட்சத்திர ஹோட்டல். அந்தக் கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்தான் என்று வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு வரி வரும். அதற்குப் பிறகு வெளியுலகம் இந்த ஊரைப் பற்றிப் பேசுவதற்கு அலைச்சறுக்கு வர வேண்டியிருந்தது.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரன். கடலை முதலில் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கல்லூரியில் படிக்க வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கோவளம் போவோம். அங்கே அலைமேல் பலகை போட்டு நிற்கிற பையன்களைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்கள் சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் வேலைக்குப் போனார்கள். நான் கோவளத்தில் ஒரு சர்ஃப் பள்ளியில் பலகை கழுவப் போனேன். பிறகு உயிர்காக்கும் பயிற்சி, பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கத்தின் முதல்நிலைப் பயிற்றுநர் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக முடித்துப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

அந்த வேலைக்கு முதலாளி கடல்தான். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை எங்கள் கரைக்கு வருகிற நல்ல அலைகள் வங்காள விரிகுடாவில் பிறந்தவை அல்ல. நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே, அண்டார்டிகாவுக்கு மேலே இருக்கிற பெருங்கடலில் புயல் அடிக்கும். அங்கே கிளம்புகிற அலை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துக் கோவளத்துப் பாறை முனையில் வந்து உடையும். தூரத்திலிருந்து வருகிற அலைக்கு அவசரம் இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 12 வினாடி, 15 வினாடி இடைவெளி இருக்கும். பக்கத்துக் காற்றில் எழும்புகிற அலை ஆறு ஏழு வினாடிக்கு ஒருமுறை வந்து முட்டி மோதும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் படிப்பு முடிந்தது.

மீதிப் பாதி காற்று. குப்பத்தில் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். நம் கரை கிழக்கே பார்த்தது. கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வருகிற அலையின் முகத்தில் அது எதிர்த்து வீசுவதால், அலை உடனே கவிழாமல் கொஞ்சம் தாங்கி நிற்கும். பலகையில் எழுந்து நிற்க ஒரு மனிதனுக்கு வேண்டியது அந்தக் கொஞ்ச நேரம்தான். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடல்காற்று திரும்பிவிடும். அலையின் முதுகில் அது தள்ள, எல்லாம் நுரையாகிக் குழம்பும். ஆகவே எங்கள் அலுவலக நேரம் விடிவதற்கு முன்னால் தொடங்கி, ஊரார் அலுவலகம் போய்ச் சேருகிற நேரத்துக்கெல்லாம் முடிந்துவிடும்.

அந்தக் காலை வேலையின் ஒழுங்கை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. இருட்டிலேயே மூத்த பயிற்றுநர் ஒருவர் மணலில் போய் நிற்பார். அவர் பேசமாட்டார், நாங்களும் பேசமாட்டோம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் அலை உடையாமல் பள்ளமாகக் கிடக்கிறது என்று பார்ப்பார். அலை உடையாத இடம் புதியவர் கண்ணுக்குப் பத்திரமாகத் தெரியும். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குள் ஓடுகிற வாய்க்கால் அது. ஆளை இழுப்பது அங்கேதான். அந்த வாய்க்கால் நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. பார்த்து முடித்ததும் கையை நீட்டி, "இங்கிருந்து அந்தக் கொடி வரைக்கும்" என்பார். அன்றைக்கு வகுப்பறை அதுதான்.

பிறகு மாணவர்கள் வருவார்கள். வார நாட்களில் ஒருவர் இருவர், சனி ஞாயிறில் கூட்டம். பெரும்பாலும் மென்பொருள் கம்பெனிக்காரர்கள். எட்டு ஒன்பது அடி நீளமுள்ள மெத்துப் பலகையை மணலில் கிடத்தி, அதன்மேல் குப்புறப் படுக்க வைத்து, கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி ஒரே மூச்சில் எழச் சொல்லுவோம். மணலில் எல்லோரும் நன்றாக எழுவார்கள். தண்ணீருக்குள் போனதும் முக்கால்வாசிப் பேர் கீழே, பலகையின் மூக்கையே பார்ப்பார்கள். பார்வை எங்கே போகிறதோ பலகை அங்கே போகும். "கரையில இருக்கற சர்ச்சைப் பாருங்க சார், சர்ச்சைப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே பின்னாலிருந்து தள்ளிவிடுவேன். யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். அவர் நின்றுவிடுவார். நுரை அலையில் சில வினாடி நின்று, மணல் தட்டி, விழுந்து எழுந்து திரும்பிப் பார்க்கிற முகம் இருக்கிறதே, சம்பளம் பெரிதாக இல்லாத அந்த வேலையில் அது ஒரு தனிக் கூலி.

இந்தத் தொழில் கோவளத்தில் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் என் ஏக்கத்தைச் சொல்ல முடியாது. மூர்த்தி மேகவன் இந்தக் குப்பத்து மீனவர். சின்ன வயதில் கையில் கிடைத்த மரப்பலகையைப் போட்டு அலையில் விளையாடியவர். இந்த விளையாட்டுக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அதற்கென்று செய்த பலகை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது 2000க்குப் பிறகு, ஊருக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் வழியாக. அவர்களில் ஒருவர் ஜாக் ஹெப்னர். கர்நாடகத்தில் முல்கியில் ஆசிரமமும் சர்ஃபும் ஒன்றாக நடத்தியதால் 'சர்ஃபிங் சுவாமி' என்று பெயர் பெற்றவர். மூர்த்தி தான் கற்றதைக் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். 2012இல் தொழிலதிபர் அருண் வாசுவோடு சேர்ந்து கோவ்லாங் பாயின்ட் சர்ஃப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சர்ஃப், இசைத் திருவிழா வந்தது. கிரிக்கெட்டில் பறந்து பறந்து பந்து பிடித்த ஜான்ட்டி ரோட்ஸ் கோவளத்துக்கு வந்து பலகை ஏறினார்.

மூர்த்தி வைத்த விதிதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியம். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, பள்ளிக்கூடம் போக வேண்டும். அப்படி இருக்கிற பிள்ளைக்குப் பலகை இலவசம். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பிள்ளைகள் சிலர் பெரியவர்களாகிச் சொந்தமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சேகர் பச்சை போன்றவர்கள் நின்றபடி துடுப்புப் போடும் பலகைப் போட்டிகளில் நாடறிந்த வீரர்கள் ஆனார்கள். மீனவர் வீட்டில் மூன்று வேலை இருந்தது: கடலுக்குப் போவது, மீன் விற்பது, அல்லது ஊரைவிட்டுப் போவது. நான்காவதாக ஒரு வேலையை ஒரு தலைமுறைக்குள் உண்டாக்கியிருந்தார்கள்.

அலையில் நிற்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல. கட்டுமரத்தில் நின்று அலை தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கட்டுமரத்தை அலை உடைகிற இடத்தைத் தாண்டி வெளியே கொண்டுபோவதுதான் மீனவனுக்கு அன்றைய நாளின் கடினமான வேலை. பெரிய அலைகள் கூட்டமாக வரும். பிறகு ஓர் அமைதி வரும். அந்த அமைதியை எதிர்பார்த்துக் கரையில் துடுப்போடு நிற்பார்கள். சர்ஃப் பாடத்தில் அந்த அலைக் கூட்டத்தை 'செட்' என்று சொல்லி ஓர் அத்தியாயம் எடுப்போம். குப்பத்துப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. எனக்குப் பலகைமேல் நிற்கக் கற்றுத்தந்தது பள்ளி. கடலைப் பார்க்கக் கற்றுத்தந்தவர் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவர். வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று நீரோட்டத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாள் கடல் நன்றாகத்தான் இருக்கிறதே என்று கேட்டேன். "மேல பாத்தா நல்லாத்தான் கீது தம்பி. கீழ ஓட்டம் மாறிக்கீது. உன் சாருங்கள இடுப்புத் தண்ணிக்கு மேல இட்னு போவாத" என்றார். அன்றைக்கு இடுப்பளவில் நிற்கும்போதே கால் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

உடைந்த பலகையை ஒட்டுவதிலும் குப்பத்துக் கைதான் முன்னால் நிற்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கக் கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் படகுகள் நிறைந்தன. படகு ஒட்டத் தெரிந்தவர் எல்லாக் குப்பத்திலும் உண்டானார்கள். கண்ணாடி இழைத் துணி, ரெசின், கெட்டிப்படுத்துகிற திரவம், உப்புத்தாள்: படகுக்கும் சர்ஃப் பலகைக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. படகுக்குப் பூசுகிற பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மாகோல் வகை உள்ளீடு கொண்ட பலகையில் ஊற்றினால் உள்ளே கரைந்து குழியாகிவிடும். அதற்கு எபாக்ஸிதான் வேண்டும். இதை ஒருமுறை சொன்னால் போதும். மதியத்துக்கு மேல் வேப்ப மர நிழலில் பலகையைத் தேய்த்துக்கொண்டு, யார் எந்த அலையில் விழுந்தார்கள் என்று பேசிக்கொண்டிருந்த பொழுதுகள்தான் என் வேலைநாளின் பிற்பகுதி. ரெசின் வாசனை இப்போது எங்கள் கோடவுனில் புதுப் பெயின்ட் டப்பா திறந்தால் கொஞ்சம் வரும்.

இனி காசு. ஏக்கத்தில் காசை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஐப்பசியில் காற்று திரும்பும். வாடை தொடங்கினால் கடல் பழுப்பாகும். மழைத் தண்ணீர் முட்டுக்காட்டு முகத்துவாரம் வழியாக இறங்கும். அலை பெரிதாக, ஒழுங்கில்லாமல் வரும். கைதேர்ந்தவர்களுக்குப் புயலுக்கு முன்னும் பின்னும் சில அருமையான நாட்கள் கிடைக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அந்த மாதங்களில் கடல் மூடப்பட்ட கடை. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது மரம் விழுந்த சாலைகளில் மாணவர் யாரும் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆக, ஆறேழு மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டும். பள்ளி நடத்துகிறவருக்கே அப்படி என்றால் பயிற்றுநருக்குச் சொல்ல வேண்டாம். தோள்பட்டை தேயும், காதுக்குள் தண்ணீர் தங்கிச் சீழ் பிடிக்கும், உப்பும் வெயிலும் சேர்ந்து கண்ணைச் சிவக்க வைக்கும். நாற்பது வயதுக்கு மேல் தினமும் மாணவரைத் தள்ளிவிட உடம்பு கேட்குமா என்ற கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. எங்கள் தொழிலில் ஓய்வுபெற்ற ஒருவரை நாங்கள் பார்த்ததே கிடையாது. தொழிலுக்கே அவ்வளவு வயது ஆகவில்லை.

போட்டிகளில் ஜெயித்துப் பிழைக்கலாம் என்பதும் நிறையப் பேருக்கு நடக்காது. இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011இல் உருவானது. மங்களூர்ப் பக்கமும் நம் கரையிலும் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. நான் பார்த்தவரை அதில் கிடைக்கிற பரிசுப்பணம் அடுத்த போட்டிக்குப் போய்வரும் செலவுக்கும் புதுப் பலகைக்கும் சரியாகப் போகும். மற்றவர்கள் எல்லாம் பலவற்றைச் சேர்த்துக் கட்டித்தான் வாழ்ந்தார்கள். காலையில் பாடம், மதியம் பலகை ஒட்டுவது, வார இறுதியில் விடுதி விருந்தினரைப் படகில் அழைத்துப் போவது, யாராவது சினிமாக்காரர் வந்தால் தண்ணீருக்குள் பாதுகாப்புக்கு நிற்பது. தென்னை ஓலை முடைகிற மாதிரி, ஒவ்வொரு கீற்றும் மெல்லிசு. பின்னிவிட்டால் மழை தாங்கும்.

வீட்டில் என் அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான். "இது வேலையாப்பா, விளையாட்டாப்பா?" கோபமாகக் கேட்கவில்லை, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற இடத்தில் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். "நீச்சல் சொல்லித் தர்ற மாதிரிப்பா" என்று சொன்னேன். அவர் அதைக் கொஞ்சம் மெருகேற்றி, "தண்ணி விளையாட்டு ஆபீசர்" என்று ஊரில் சொல்லிவைத்தார். அந்தப் பதவியை எனக்குக் கொடுத்தது அவர் ஒருவர்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடற்கரைகளை மூடினார்கள். சீசன் தொடங்குகிற நேரம் அது. பள்ளிக் கோடை விடுமுறைக்கு முன்பதிவு செய்திருந்தவர்கள் எல்லாம் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கச்சான் வழக்கம்போல வீசியது. அலை வழக்கம்போல வந்தது. தண்ணீரில் ஆள் இல்லை.

அப்போதுதான் எனக்கும் என்னோடு வேலை பார்த்த குப்பத்துப் பையன்களுக்கும் இருந்த வித்தியாசம் தெரிந்தது. அனுமதி கிடைத்ததும் அவர்கள் அப்பாவோடும் மாமாவோடும் படகு ஏறினார்கள். மீனை வண்டியில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார்கள். ஒருவன் என்னையும் கூப்பிட்டான். "வாண்ணா, பங்கு தர்றோம்" என்றான். போனேன். வலை இழுப்பதில் நான் அவர்களுக்குப் பாரம்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தக் கரையில் வீடு இருந்தது, பாட்டி இருந்தாள், கடன் சொல்ல மளிகைக் கடை இருந்தது. எனக்கு வாடகை அறை இருந்தது. ஆவணிக்குள் நான் திண்டுக்கல் திரும்பி, அங்கிருந்து கோயம்புத்தூர் வந்து, உறவினர் ஒருவர் சொல்லி இந்த வேலையில் சேர்ந்தேன்.

நான் கிளம்பிய பிறகுதான் எல்லாம் நடந்தது. 2021 ஜூலையில் அலைச்சறுக்கு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஜப்பானில் சூரிகசாக்கி கடற்கரையில், வந்துகொண்டிருந்த புயலின் அலைகளில் இறுதிப் போட்டி நடந்தது. பிரேசில்காரர் இதாலோ ஃபெரைராவுக்கு முதல் அலையிலேயே பலகை உடைந்தது. வேறு பலகை எடுத்துவந்து தங்கம் வென்றார். அவருடைய அப்பா மீன் வாங்கி விற்கிறவர். மீன் வைக்கிற ஐஸ் பெட்டியின் மெத்து மூடியில்தான் ஃபெரைரா சர்ஃப் பழகினார். கோடவுனில் கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மரப்பலகையோடு தண்ணீரில் இறங்கிய கோவளத்துப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். இரண்டு மீனவக் கரைகளிலும் கதை ஒரே மாதிரி தொடங்குகிறது. அதற்குப் பிறகு யாருக்கு எவ்வளவு துணை கிடைத்தது என்பதில்தான் பிரிகிறது.

அதே ஆண்டு கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீகின் தகுதிச் சுற்றுப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி, சிறுமியாக இருந்தபோது ஸ்கேட்போர்டு ஓட்டியதைப் பற்றிய குறும்படத்தால் உலகுக்கு அறிமுகமானவர், அலைச்சறுக்கில் தேசியப் பட்டங்கள் வாங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனிப்பிரிவில் வாங்கிய முதல் பதக்கம் அது. கரையில் நிற்கிற கூட்டத்தில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. நடுவர் மேடைக்குக் கீழே, தண்ணீர்ப் பாதுகாப்புக் குழுச் சட்டை போட்டுக்கொண்டு, எனக்குப் பங்கு தருகிறேன் என்று சொன்ன தம்பி நின்றிருந்தான். கொஞ்சம் உடம்பு போட்டிருக்கிறான்.

எனக்கு ஏக்கம் எதன்மேல் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அலையில் நிற்கிற அந்தச் சில வினாடி என்றுதான் கேட்கிறவர்கள் நினைக்கிறார்கள். அது குறைவாகத்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு வலிப்பது, கற்ற ஒன்று கிடந்து வீணாகிறதே என்பது. சான்றிதழை மடித்துப் பையில் போட்டு எந்த ஊருக்கும் எடுத்துப் போகலாம். கோவளத்துப் பாறைக்கு எந்தப் பக்கம் மணல் சேர்ந்திருக்கிறது, அதனால் இன்றைக்கு அலை எங்கே முதலில் தலை சாய்க்கும் என்கிற அறிவை எடுத்துப் போக முடியாது. அது அந்த நூறு கெஜத்துக்குள் மட்டும் செல்லுபடியாகிற அறிவு. இங்கே மேல்காற்று அடிக்கும்போது உடம்பு தானாக அந்த அறிவை எடுத்து நீட்டுகிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

நிறையப் படித்தவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய் இந்த வாழ்க்கையைத் தொடங்குவது பற்றி என்னிடம் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் சொல்வது இது: இந்தத் தொழில் நிற்கும். விளையாட்டைச் சுற்றி ஒரு வாழ்க்கையைக் கட்டலாம், குடும்பம் நடத்தலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் கரையில் வேர் உள்ளவனிடத்தில்தான் அது ஐப்பசியையும் கார்த்திகையையும் தாண்டி நிற்கும். வெளியிலிருந்து போகிறவன் அந்த வேரை வளர்க்கப் பத்து வருடம் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். அல்லது என்னைப்போல ஒருநாள் பஸ் ஏறத் தயாராக இருக்க வேண்டும். இதில் எனக்கு மனக்குறை இல்லை. கடலை முதலில் அறிந்தவர்கள் கையில் அந்தத் தொழில் இருப்பதுதான் நியாயம். பயப்பட வேண்டியது வேறு: கரையோர நிலத்தின் விலை ஏற ஏற, பலகை வைக்கிற கொட்டகைக்கும் வலை உலர்த்துகிற மணலுக்கும் இடம் குறைந்துகொண்டே போகும். குப்பம் நகர்ந்துபோனால், அங்கே மிஞ்சுகிற அலைச்சறுக்கு ஹோட்டல்காரர்களின் பொழுதுபோக்காகிவிடும்.

இதைப் படித்துவிட்டு யாருக்காவது ஒருமுறை பலகை ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றினால், ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் போங்கள். காலை ஆறு மணிக்குப் போங்கள். குப்பத்துக்காரர்கள் நடத்துகிற பள்ளி எது என்று விசாரித்துச் சேருங்கள். அவர்கள் "இன்னிக்கு வேணாம் சார், கடல் சரியில்ல" என்று சொன்னால் எதிர்ப்பேச்சுப் பேசாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். முக்கியமாக, ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்வளவா என்று கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். நீங்கள் கொடுக்கிற பணத்தில் அவர்களுடைய மழைக்காலச் சாப்பாடும் சேர்ந்திருக்கிறது.